தாளிப்புக்கு முன் ஒரு கரண்டி



காலையில் நாயோடு நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அது ஓரமாக ஒதுங்கிக் கழித்துவிட்டு வந்ததும், குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்போம். வயிறு எப்படி இருக்கிறது என்று அதனிடம் வாய்விட்டுக் கேட்க முடியாதே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதக் காலையில் நானும் அப்படிக் குனிந்தேன். முந்தின நாள் நான் பொரியலுக்கு நறுக்கும்போது அரிவாள்மணைப் பக்கத்திலேயே உட்கார்ந்து எங்கள் நாய் செவலை கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ற கேரட் துண்டுகள் அங்கே கிடந்தன. நறுக்கிய சதுரம் சதுரமாகவே இருந்தது. நிறம் மங்கவில்லை, ஓரம் மழுங்கவில்லை. அதன் உடம்புக்குள் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்துவிட்டுப் போனபடியே திரும்பி வந்திருந்தன.

அன்றைக்கு எனக்குச் சின்ன வருத்தம்தான். சத்துள்ளதைக் கொடுத்தோம், வீணாகிவிட்டதே என்று. நாம் தின்பதைத்தான் அதுவும் தின்கிறது, ஆனால் உள்ளே நடப்பது வேறு என்று அந்தக் கேரட் காட்டிக்கொடுத்ததை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அடுத்த தை மாதம் எங்கள் வீட்டில் நடந்தது நடந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நாய் வளர்க்கும் சைவ வீட்டாரிடம் ஊர் இரண்டு விதமாகப் பேசும். “கறி போடாமல் வாயில்லா ஜீவனை வதைக்கிறீர்கள்” என்பார்கள் சிலர். “எங்கள் நாய் சுத்த சைவம், தயிர்சாதமும் சாம்பார்சாதமும்தான்” என்று நாமே பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. இந்த இரண்டு பேச்சிலும் நாயின் வயிறு இல்லை. அது எதைச் செரிக்கிறது, எதைச் செரிக்க முடியாமல் தள்ளிவிடுகிறது, எது செரித்து ரத்தத்தில் கலந்து அதைக் கொல்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

வாயிலிருந்து தொடங்குகிறேன். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். நம் கடைவாய்ப் பற்கள் திருகைக் கல் மாதிரி. தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கிறோம். நாயின் தாடை பெரும்பாலும் மேலும் கீழும்தான் போகும். அதன் கன்னப் பக்கத்துப் பெரிய பற்கள் இரண்டும் கத்தரிக்கோலின் அலகுகளைப் போல ஒன்றையொன்று உரசி வெட்டும். வெட்டியதை விழுங்கிவிடும். மாடு போல அசைபோடுவதும் இல்லை, நம்மைப் போல மெல்லுவதும் இல்லை. நம் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி நிறைய உண்டு. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அது அந்த நொதியின் வேலை. நாயின் எச்சிலில் அது இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆக, நாம் வாயிலேயே பாதி முடித்து அனுப்பும் வேலையை நாயின் வயிறு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த வயிறு சாதாரணமானதல்ல. செரிமான நேரத்தில் அதன் அமிலம் எலும்பையே இளக்கிவிடும். புரதத்துக்கும் கொழுப்புக்கும் அது வைரி. ஆனால் ஒரு கேரட் துண்டின் முன்னால் அதற்கு வேலை இல்லை. தாவரத்தின் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி செல்லுலோஸ் என்ற நாரால் ஆன சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை உடைக்கும் நொதியை நாயின் உடம்பு சுரப்பதில்லை. நம் உடம்பும் சுரப்பதில்லை, பசுவின் உடம்பும் சுரப்பதில்லை. பசுவுக்கு அந்த வேலையைச் செய்து தருவது அதன் பெரிய இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். முயலுக்கும் குதிரைக்கும் பெருங்குடலின் தொடக்கத்தில் அதற்கென்றே ஒரு பெரிய பை உண்டு. நாய்க்கு அந்தப் பை சிறியது. பெருங்குடலும் குட்டை. ஆட்டின் குடல் அதன் உடம்பைப் போல சுமார் 25 மடங்கு நீளம். நாயின் குடல் சுமார் 6 மடங்குதான். நாரைப் போட்டு நாள்கணக்கில் ஊறவைத்துக் கரைக்க அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை. சுவர் உடையாவிட்டால் உள்ளே இருக்கும் சத்தும் வெளியே வராது. செவலையின் கேரட் சதுரங்கள் அப்படியே வந்ததன் காரணம் இவ்வளவுதான்.

அதே கேரட்டை வேகவைத்து மசித்துக் கொடுத்தால் நிலைமை மாறிவிடும். நெருப்பு அந்தச் சுவரை இளக்கிவிடுகிறது. மத்தோ கரண்டியோ மீதியை உடைத்துவிடுகிறது. நாயின் பல் செய்யாததை நம் கை செய்து தருகிறது. கேரட்டின் மஞ்சள் சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் திறன் நாய்க்கு உண்டு (பூனைக்கு இல்லை). அது கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் நான் ஒரு சொட்டு நெய்யும் விடுகிறேன்.

சோற்றைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நாய் ஓநாயின் வழித்தோன்றல், அதற்கு எதற்குச் சோறு என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல பதில் 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எரிக் அக்செல்சன் குழுவினர் ஓநாய்களின் மரபணுக்களையும் நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கணையத்தில் அமைலேஸ் சுரக்கச் சொல்லும் மரபணு ஓநாய்க்குப் பொதுவாக 2 படிகள்தான். நாய்களுக்கு 4 முதல் 30 படிகள் வரை இருந்தன. மாவுச்சத்தை உடைப்பது, உடைந்ததைச் சர்க்கரையாக்குவது, அந்தச் சர்க்கரையைக் குடல் உறிஞ்சுவது என்று மூன்று கட்டங்களிலும் நாய் ஓநாயிலிருந்து விலகி வந்திருக்கிறது. மனிதன் உழுது விதைத்து, மிஞ்சிய கூழையும் சோற்றையும் வாசலில் வைக்கத் தொடங்கிய காலத்தில் அவன் காலடியில் படுத்த பிராணி, அவன் உலைக்கு ஏற்பத் தன் குடலையே மாற்றிக்கொண்டுவிட்டது. எங்கள் பக்கத்துச் சிப்பிப்பாறை நாய்களைக் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் ஊற்றி வளர்த்தவர்களுக்கு இந்த மரபணுக் கதை தெரியாது. ஆனால் வெந்த தானியம் நாய்க்கு ஒத்துக்கொள்ளும் என்பது தெரியும். வெந்த என்பதை அழுத்திச் சொல்கிறேன். பச்சை உருளைக்கிழங்கின் மாவு நாய்க்குச் செரிக்காது. முளைவிட்டது, பச்சை நிறம் ஏறியது என்றால் அதில் நஞ்சும் சேர்ந்துவிடும்.

செரிக்காத நாரால் பயனே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாரில் பல வகை உண்டு. தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழப்பாகும் நார் மஞ்சள் பூசணியில் இருக்கிறது. (சில ஊர்களில் பரங்கிக்காய் என்பீர்கள், எங்கள் ஊரில் வெள்ளைப் பூசணிக்குத் தடியங்காய் என்று பெயர், குழப்பம் வேண்டாம்.) இந்த நாரைச் சிறுகுடல் தொடாமல் அனுப்பிவிடும். பெருங்குடலில் காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களில் ஒன்றுதான் பெருங்குடலின் உள்சுவருக்கே சாப்பாடு. அதாவது நீங்கள் நாய்க்கு ஊட்டும் பூசணியில் ஒரு பங்கு நாய்க்கு நேராகப் போவதில்லை. அதன் வயிற்றில் குடியிருப்பவர்களுக்குப் போகிறது. அவர்கள் உண்டு முடித்து நாய்க்குத் திருப்பித் தருகிறார்கள். இளகிப் போனாலும் இறுகிப் போனாலும் கால்நடை மருத்துவர்கள் ஒரு கரண்டி வெந்த பூசணியைச் சொல்வது இதனால்தான். ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான். அரைக் கிண்ணம் போட்டால் அதே பாக்டீரியாக்கள் வாயுவைக் கிளப்பி, ராத்திரி முழுக்க நாயையும் உங்களையும் தூங்கவிடாது.

பழத்தின் கதை சுருக்கம். நாய்க்கு இனிப்பு தெரியும். பூனையின் நாக்குக்குத் தெரியாது, நாயின் நாக்குக்குத் தெரியும். உதிர்ந்த மாம்பழத்தைத் தேடித் தின்னும் தோட்டத்து நாயைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. கனிந்த பழத்தின் சர்க்கரையை உடைக்கப் பெரிய வேலை தேவையில்லை, சிறுகுடல் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்ச முடியாத அளவுக்குப் போட்டால் மிச்சம் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியாகும். வைட்டமின் சி-க்காகப் பழம் தருகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள்; அது வேண்டியதில்லை. மனிதரால் உண்டாக்க முடியாத அந்த வைட்டமினை நாயின் ஈரல் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பழம் நாய்க்கு மகிழ்ச்சி, அவ்வளவுதான். அந்த மகிழ்ச்சி அன்றாடத் தீனியின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாழைப்பழத்தில் இரண்டு வில்லை, கொட்டையெடுத்த பப்பாளி, தர்பூசணியின் சிவந்த சதை. சர்க்கரை நோய் வந்த நாய்க்கு அதுவும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

இனி தை மாதக் கதை.

எங்கள் வீட்டுப் பெண்ணின் கல்யாணம். திருநெல்வேலிச் சைவ வீட்டுக் கல்யாணம் என்றால் மறுநாள் சொதி இருக்க வேண்டும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தேங்காயைத் துருவி மூன்று பால் எடுத்து, வெந்த பாசிப்பருப்பும் கேரட்டும் பீன்சும் உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் போட்டு, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குவது. காரம் அடங்கிய, வெள்ளை வெளேரென்ற குழம்பு. புளி இல்லை, மிளகாய்ப்பொடி இல்லை. பார்த்தால் பிள்ளைக்கும் ஊட்டலாம், பெரியவருக்கும் ஊற்றலாம் என்றிருக்கும். அன்றைக்கு அண்டாவில் நிறைய மிஞ்சிவிட்டது. “இவ்வளவு காய் கிடக்கு, வீணாக்காதீங்க, செவலைக்குப் போடுங்க” என்று சொன்னது நான்தான். மறுநாளும் சூடுபண்ணிப் போட்டோம். அதற்கு மறுநாளும். கல்யாண வீட்டில் யாரும் கவனிக்காமல் கிடந்த நாய், வாலை ஆட்டிக்கொண்டு வட்டில் காலியாகும்வரை நக்கித் தின்றது.

சொதிக்கு ஒரு கூடைச் சின்ன வெங்காயம் உரித்திருந்தோம். பூண்டும் இரண்டு கை. அவை வெந்து கரைந்து பாலோடு பாலாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தன.

நான்காம் நாள் செவலை எழுந்து வாசலுக்கு வரவில்லை. மாடிப்படியில் இரண்டு படி ஏறி மூச்சு வாங்கி நின்றது. கல்யாணக் கூட்டத்தில் களைத்திருக்கும் என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் முற்றத்தில் அது சிறுநீர் கழித்த இடம் கறுத்த தேநீர் கொட்டியது போலிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்புச் சுவர் போல வெளுத்திருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். மருத்துவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது நாயைப் பற்றி அல்ல. “வீட்ல என்னம்மா சமையல், நாலஞ்சு நாளா?” என்றார். சொன்னேன். “வெங்காயம் எவ்வளவு?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 37 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது; செவலைக்கு 18-இல் நின்றது. நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களின் ஓரத்தில் கொப்புளம் மாதிரிச் சின்னச் சின்ன உருண்டைகள் துருத்திக்கொண்டு நின்றன. ஹைன்ஸ் உருண்டைகள் என்று பெயர். வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் குடலில் நன்றாகவே செரித்து, உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைத் தாக்குகின்றன. நம் அணுக்களில் அந்தத் தாக்குதலைத் தாங்கும் நொதிகள் போதுமான அளவு உண்டு. நாயின் அணுக்களில் குறைவு. தாக்கப்பட்ட ஹீமோகுளோபின் திரண்டு உருண்டையாகிறது. உடம்பு அந்த அணுவைப் பழுதென்று எண்ணித் தானே அழித்துவிடுகிறது. அழிந்த ரத்தத்தின் நிறம்தான் முற்றத்தில் நான் பார்த்தது.

வேகவைத்தால் இந்த நஞ்சு போகாது. வறுத்தாலும் பொடியாக்கினாலும் போகாது. பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு எல்லாம் ஒரே குடும்பம். பூண்டு இன்னும் வீரியம். நாயின் உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே வேளையில் உள்ளே போனால் பாதிப்பு வரும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 10 கிலோ நாய்க்கு 50 கிராம். கையில் அள்ளிப் பாருங்கள், ஏழெட்டுச் சின்ன வெங்காயம்தான். ஒரே வேளையில் இல்லாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்து அதே இடத்துக்குத்தான் போகும். இன்னொன்று: தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நாள், ஐந்து நாள் கழித்துத்தான் நாய் சுருண்டு படுக்கும். அதற்குள் சொதி மறந்துபோயிருக்கும். வெயில் தாக்கியிருக்கும், யாரோ அடித்திருப்பார்கள் என்று காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

செவலை பிழைத்தது. வேறொரு நாயின் ரத்தம் ஏற்றி, மூன்று வாரம் பார்த்துக்கொண்டோம். எங்கள் பெண் மறுவீடு போன இடத்திலிருந்து தினமும் போனில் கேட்டது புது வீட்டைப் பற்றியல்ல, செவலையின் ஈறு சிவந்ததா என்றுதான்.

“எங்கள் தாத்தா காலத்து நாய்கள் குழம்புச்சோறு தின்றே வளர்ந்தனவே” என்று இதைப் படிக்கும் சிலர் சொல்வீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த நாய்களுக்கு விழுந்தது இலையின் ஓரத்து மிச்சம்; நாம் தட்டில் வைத்து வயிறு நிறையப் பரிமாறுகிறோம். அவை வயக்காட்டில் எலி பிடித்தும் தின்றன. அப்புறம், அவை எத்தனை வருடம் வாழ்ந்தன, எதனால் போயின என்று யார் கணக்கு வைத்தார்கள்? வைக்கோற்போருக்குப் பக்கத்தில் நாய் செத்துக் கிடந்தால் ‘சீக்கு வந்து செத்துப்போச்சு’ என்று சொல்லிப் புதைத்தோம். ஈறு வெளுத்திருந்ததா என்று பார்த்தவர் எவரும் இல்லை.

வெங்காயமும் பூண்டும் சேர்க்காத வீட்டார் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நமக்குக் கவலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள், ஏனென்றால் உங்கள் சமையலறையில் புளியும் உலர்திராட்சையும் இருக்கின்றன.

திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது கால்நடை மருத்துவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியும். எதனால் என்பது மட்டும் பிடிபடாமல் இருந்தது. அமெரிக்காவில் விலங்கு நஞ்சு உதவி மையம் ஒன்றில் பணிபுரியும் மருத்துவர்கள் 2021-இல் ஒரு துப்பை வெளியிட்டார்கள். வீட்டில் பிள்ளைகள் விளையாடப் பிசைந்த மாவுருண்டையைத் தின்ற ஒரு நாய்க்கு, திராட்சை தின்ற நாய்க்கு வரும் அதே பாதிப்பு வந்திருந்தது. அந்த மாவில் திராட்சை இல்லை. டார்டாரிக் அமிலத்தின் உப்பு இருந்தது. திராட்சையிலும் இருப்பது அதே அமிலம்தான். அடுத்த ஆண்டு அவர்கள் எழுதிய கட்டுரையில் புளி தின்ற நாய்களும் சேர்ந்துகொண்டன. நம் புளியின் சதையில் டார்டாரிக் அமிலம் எடையில் 8 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். எந்தத் திராட்சையிலும் அவ்வளவு கிடையாது. ரசத்திலும் சாம்பாரிலும் நாம் கரைத்து ஊற்றுவது அதைத்தான்.

ஒரு கரண்டி சாம்பார் நக்கிய நாய் செத்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. புளியோதரையையும் வத்தக்குழம்புச் சோற்றையும் புளிக்காய்ச்சல் வழித்த சட்டியையும் நாய்க்கு வைக்காதீர்கள் என்று கேட்கிறேன். புளி கரைத்துப் பிழிந்த சக்கையைக் கொல்லையில் எறியாதீர்கள். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் நெய்யில் பொரித்துப் போடும் திராட்சை இன்னும் பயங்கரம். ஒரு நாய்க்கு ஒரு கைப்பிடியில் ஒன்றும் ஆகாது, இன்னொன்றுக்கு நாலைந்திலேயே சிறுநீரகம் போய்விடும். இவ்வளவு வரை பாதகமில்லை என்ற கணக்கே இதற்கு இல்லை. பிரசாதத் தொன்னையைப் பிள்ளைகள் பாசத்தோடு நாயிடம் நீட்டுவார்கள். அவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் அவரே வாந்தி எடுக்கவைத்து வெளியேற்றிவிடுவார். நீங்களாக உப்புத்தண்ணீர் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், அந்த உப்பே நாயைக் கொன்றுவிடும்.

கொட்டைகளையும் சக்கைகளையும் பற்றி ஒரு வார்த்தை. மாங்கொட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், குடலில் போய் அடைத்துக்கொள்ளும். மணி தின்றபின் மிஞ்சும் மக்காச்சோளக் கட்டையும் அப்படியே. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டிவரும். சூப்பிப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கையை எந்த நாயின் அமிலமும் கரைக்காது. சீத்தாப்பழ விதையைப் பேன் சாவதற்காக அரைத்துத் தலையில் பூசியவர்கள் நாம். அதை நாய் கடித்து நொறுக்கினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுரைக்காயும் வெள்ளரியும் கசந்தால் நமக்கும் ஆகாது, அதற்கும் ஆகாது. ஒரு கீற்று நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வேகப்போடுங்கள்.

தயிர்சாதமும் வெந்த காயும் மட்டுமே ஒரு நாயைக் காலம் முழுக்கக் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. பூனையைப் போல அல்லாமல், நாயைச் சைவத்திலேயே நலமாக வளர்க்க முடியும். ஆனால் அதற்கு 10 வகை அமினோ அமிலங்கள் உணவிலிருந்தே வந்தாக வேண்டும். வெயிலில் படுத்துக் கிடந்தாலும் நம்மைப் போல அதன் தோல் வைட்டமின் டி-யைத் தேவையான அளவு உண்டாக்காது. பி12 செடிகொடியில் இல்லை. கால்சியமும் துத்தநாகமும் சோற்றில் போதாது. பனீர், தயிர், குழைய வெந்த பாசிப்பருப்பு ஆகியவற்றைக் கூட்டுங்கள். மீதியை மருத்துவரிடம் கேட்டு மருந்தாகச் சேருங்கள். எங்கள் வீட்டில் செவலை பிழைத்து வந்தபின் என் மாமியார் ஒரு முடிவெடுத்தார். எழுபத்தெட்டு வயது, முட்டை நுழையாத வீட்டில் பிறந்து முட்டை நுழையாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். பின்கட்டில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் அதற்கென்று ஒரு பாத்திரமும் வைத்து, “அது நம்ம நம்பித்தானே கெடக்கு, அதுக்கு முட்டை அவிச்சுக் குடு” என்றார். இது எல்லா வீட்டிலும் நடக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. முட்டை வைக்காத வீட்டுக்குப் புரதக் கணக்கில் கூடுதல் கவனம் வேண்டும், அதை மட்டும் சொல்வேன்.

நான் கேட்பது தினமும் நடக்கக்கூடிய ஒரு சின்ன காரியம். எந்தக் கூட்டானாலும் குழம்பானாலும், காய் வெந்து அடுப்பில் கொதிக்கும்போது ஒரு நிமிடம் இருக்கிறது. உப்புப் போடவில்லை, புளி ஊற்றவில்லை, வெங்காயம் வதக்கிச் சேர்க்கவில்லை, தாளிதம் கொட்டவில்லை. அந்த நிமிடத்தில் நாய்க்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். மசித்து, ஆறவைத்து, சோற்றோடு பிசையுங்கள். வேறு அடுப்பு வேண்டாம், வேறு சமையல் வேண்டாம், ஐந்து பைசா செலவில்லை. நாம் சாப்பிட்டு எழுந்தபின் மிஞ்சியதை அதற்கு வைப்பதுதான் நமக்குப் பழக்கம். அந்த வரிசையை மாற்றி, அதன் பங்கை முதலில் எடுக்க வேண்டும். எங்கள் தெருவில் சாயங்காலம் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் இருவர் இப்போது வீடுவீடாகக் குழம்புச்சோறு வாங்குவதை விட்டுவிட்டு, வெறும் சோறும் வெந்த பருப்பும் தரச்சொல்லி வாளி வைத்திருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் அப்படி யாராவது இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள்.

நாளைக்கு மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். சொதிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். தேங்காய் உடைத்துத் துருவ வேண்டும், பாசிப்பருப்பை வறுத்து வைத்தாயிற்று, வெங்காயம் இன்னும் உரிக்கவில்லை. செவலைக்கு இப்போது முகமெல்லாம் நரைத்துவிட்டது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கேரட் வைத்த கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. எழுந்து போய் இரண்டைத் தோல் சீவி, அதற்கென்று தனியாக வேகப்போட வேண்டும்.

அன்புடன்,
செவலையின் வீட்டிலிருந்து,
திருநெல்வேலி